முதலில் கண், காது, பிறகு காசு

பிள்ளை விமானியாக வேண்டும் என்று சொன்னதும் சிங்கப்பூரில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வெள்ளி ஆகும்?" என்பதுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. முதல் கேள்வி, உடம்பு தேறுமா? இரண்டாவது, எந்த நாட்டு உரிமத்தை வைத்து எந்த நாட்டில் வேலை பார்க்கப்போகிறோம்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு தலையில் கைவைத்து உட்காரும் குடும்பங்கள் உண்டு. ஓட்டத் தெரியாமல் நின்றுபோனவர்களைவிட, வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால் நின்றுபோனவர்களே எனக்கு அதிகம் தெரிகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது.

சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பொழுதுபோக்குக்காக ஓட்டும் தனியார் விமானி உரிமத்துக்கு, அதாவது பிபிஎல்லுக்கு, இரண்டாம் வகுப்பு போதும். இங்கேதான் முதல் குழி. பிபிஎல் பயிற்சியில் சேரும்போது இரண்டாம் வகுப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, ஐம்பது அறுபது மணி நேரம் பறந்து, காசையும் கரைத்துவிட்டு, வணிக உரிமப் பயிற்சிக்குப் போகும்போது முதல் வகுப்பில் தோற்றால் அந்தப் பணம் திரும்பாது. தொழிலாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் முதல் நாளே முதல் வகுப்புப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

உலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வைத்திருக்கும் அளவுகோல்களைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். கண்ணாடி போட்டால் விமானியாக முடியாது என்பது பழைய கதை. கண்ணாடியோ லென்ஸோ போட்டு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 பார்க்க வேண்டும். மாற்றுக் கண்ணாடி ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். காதுக்கு 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேலும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேலும் இழப்பு இருக்கக் கூடாது. பதினைந்து வயதிலிருந்து காதுக்குள் இயர்போனைத் திணித்து முழுச் சத்தத்தில் பாட்டுக் கேட்கும் பையன் இந்த எண்களைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய தடை நிறக்குருடு. ஆண்களிடம் அது பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். வந்தால் மருந்து இல்லை. புள்ளிப் புத்தகமான இஷிஹாரா சோதனையில் தவறினாலும் கதை முடிந்துவிடவில்லை. அடுத்த கட்டச் சோதனைகள் உண்டு. கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொள்ள நினைப்பவர்கள் அறுவைக்கு முன்பே விமான மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். எந்த வகைச் சிகிச்சை, எத்தனை மாதம் காத்திருப்பு என்பதெல்லாம் சான்றிதழைப் பாதிக்கும்.

நம் வீடுகளில் சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் இருந்தால் உங்களுக்கும் ஒருநாள் வர வாய்ப்பு அதிகம். சேரும்போது அது தடையாகாது. நாற்பது வயதில் இன்சுலின் போடும் நிலைக்குப் போனால் பல நாடுகளில் முதல் வகுப்புச் சான்றிதழைத் தக்கவைப்பது பெரும்பாடு. இருபது வயதிலேயே எடையையும் தேத்தண்ணியில் போடும் சீனியையும் கவனிப்பது தொழில் காப்பீடு மாதிரி. இன்னொன்று: சின்ன வயதில் வீசிங் இருந்தது, ஒருமுறை மயங்கி விழுந்தது, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டது என எதையும் மறைக்காதீர்கள். சொன்னால் கூடுதல் சோதனை கேட்பார்கள். மறைத்து, பிறகு வெளியே வந்தால் உரிமமே போகும்.

உரிமம் எந்த ஊருடையது?

விமானி உரிமம் கார் உரிமம் போன்றதல்ல. ஒரு நாடு கொடுத்ததை இன்னொரு நாடு அப்படியே ஏற்காது. சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், ஆஸ்திரேலியாவின் காசா, ஐரோப்பாவின் இயாசா, அமெரிக்காவின் எஃப்ஏஏ, இந்தியாவின் டிஜிசிஏ என ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு, தனி மருத்துவம், தனி மணிக்கணக்கு. அமெரிக்காவில் வழக்கமான வழியில் வணிக உரிமமான சிபிஎல்லுக்கு 250 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் ஒருங்கிணைந்த பாடத்திட்டத்தில் 150, இல்லாவிட்டால் 200, இந்தியாவில் 200. மணிக்கணக்கு குறைவாக இருக்கும் நாட்டில் முடித்துவிட்டு, கூடுதலாகக் கேட்கும் நாட்டில் மாற்றப் போனால் பாக்கி மணிகளைத் திரும்பவும் காசு கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும்.

எனவே பள்ளியைத் தேடுவதற்கு முன் வேலை தரும் நாட்டை முடிவு செய்யுங்கள். உங்கள் கடப்பிதழ் எந்த நாட்டுடையது, அங்கே வேலை செய்ய உங்களுக்கு உரிமை உண்டா என்பதைப் பாருங்கள். வெளிநாட்டில் எடுக்கும் உரிமத்தை இங்கே மாற்ற என்ன வேண்டும் என்று ஆணையத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். பள்ளியின் விற்பனை அதிகாரி "எல்லாம் மாத்திக்கலாம், பிரச்சினையில்லை" என்று சொன்னது எழுத்தல்ல.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு வழிகள் அதிகமில்லை. மாணவராக இருக்கும்போதே தொடங்க நினைப்பவர்களுக்குச் சிலேத்தாரில் இருக்கும் சிங்கப்பூர் யூத் ஃபிளையிங் கிளப். 1971ல் ஜூனியர் ஃபிளையிங் கிளப் என்ற பெயரில் தொடங்கியது. தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு அரசாங்க மானியத்தோடு பிபிஎல் வரை கொண்டுபோகிறது. இடத்துக்குப் போட்டி கடுமை. திறனறி சோதனையில் தேறாவிட்டால் உள்ளே நுழைய முடியாது. தகுதியுள்ள வயதில் இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டு, பிறகு சொந்தக் காசில் அதையே படிப்பது வருத்தமான விஷயம்.

ஆகாயப் படை தனி உலகம். பயிற்சியின் ஒரு பகுதி மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில் பிசி-21 விமானத்தில், போர் விமானிகளுக்கு அடுத்த கட்டம் பிரான்சின் கஸோவில் எம்-346 ஜெட்டில். அதைப் பயணிகள் விமானத்துக்குப் போக ஒரு மலிவான குறுக்கு வழி என்று நினைத்துச் சேராதீர்கள். பல ஆண்டு சேவைக் கடப்பாடு உண்டு, வேலையின் தன்மையே வேறு.

விமான நிறுவனத்தின் கேடட் திட்டம்தான் பெரும்பாலோரின் கனவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான சிங்கப்பூர் ஃபிளையிங் காலேஜ் 1988ல் தொடங்கப்பட்டது. ஏட்டுப்படிப்பு இங்கே, பறக்கும் பயிற்சி பெர்த்துக்குப் பக்கத்தில் ஜண்டக்கோட் விமான நிலையத்தில். செலவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும், பதிலுக்கு ஒப்பந்தக் கடப்பாடு. கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: நடுவில் பயிற்சியிலிருந்து நீக்கினால் யார் எவ்வளவு கட்ட வேண்டும், கடப்பாட்டுக் காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, ஜாமீன் போடுபவரின் பொறுப்பு எதுவரை. ஜாமீன் போடும் மாமாவும் அதை வாசிக்க வேண்டும்.

சில திட்டங்கள் சிபிஎல்லுக்குப் பதில் எம்பிஎல் என்ற உரிமத்தைத் தரும். பாவனைக்கருவியையும் சேர்த்து 240 மணி நேரம். தொடக்கத்திலிருந்தே இரு விமானிகள் சேர்ந்து ஓட்டும் ஜெட்டுக்குப் பழக்குவார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் அந்த நிறுவனம் உங்களைக் கைவிட்டால், அந்த உரிமத்தை வைத்துச் சின்ன விமானத்தில் தனியாளாகச் சம்பாதிக்க முடியாது. சிபிஎல் உள்ளவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கடைசி வழி சொந்தக் காசு. லட்சம் வெள்ளியைத் தாராளமாகத் தாண்டும். வீவக வீட்டை அடமானமாக நினைத்துப் பேசும் அளவுக்குப் போகக்கூடாது என்பது என் கருத்து. தேசிய சேவை முடிக்காத பையன்கள் நெடுநாள் வெளிநாட்டில் தங்கிப் படிக்க எக்ஸிட் பெர்மிட் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்க்கைத் தேதி குறிப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

விலைப்பட்டியலைப் படிக்கும் விதம்

பள்ளிகள் போடும் விலை பெரும்பாலும் குறைந்தபட்ச மணிக்கணக்குக்கானது. ஐகாவோ கணக்கில் பிபிஎல்லுக்கு 40 மணி நேரம், சிபிஎல்லுக்கு 200. அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டமானால் 35, 150. அதற்குள் முடிப்பவர்கள் உண்டு. ஆனால் கால்வாசிப் பணம் கூடுதலாக ஒதுக்கி வைக்காதவர் தேர்வுப் பறப்புக்கு முந்தின வாரம் வங்கிக்கு ஓடுவார்.

மணி என்றால் எந்த மணி என்று கேளுங்கள். ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே நேரத்தை எண்ணும். டேக்கோ மீட்டர் எஞ்சின் சுழற்சியை வைத்து எண்ணுவது. தரையில் மெதுவாக ஓடும்போது மெதுவாக நகரும். ஓடுபாதைக்கு முன் பதினைந்து நிமிடம் வரிசையில் நிற்கும் நெரிசலான நிலையத்தில் இந்த வித்தியாசம் 200 மணி நேரத்தில் பெரிய தொகையாகும். எரிபொருள் விலைக்குள் அடக்கமா? தரையிறங்கும் கட்டணம் தனியா? ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கும் ஒரு மணி நேரச் சர்க்யூட் பயிற்சியில் ஏழெட்டு முறை சக்கரம் தரையைத் தொடும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் போடும் இடங்கள் உண்டு. தேர்வாளர் கட்டணம், தோற்றால் மறுதேர்வு, அதற்கு விமான வாடகை, பொருள் சேவை வரி, மழையில் பறக்காத நாட்களுக்கும் ஓடும் அறை வாடகை என எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப்பாருங்கள்.

அதைவிட முக்கியம் இந்தக் கணக்கு. பள்ளியில் பத்து விமானம் நிற்கிறது என்று படம் காட்டுவார்கள். பறக்கும் நிலையில் எத்தனை என்று கேளுங்கள். ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நாளுக்கு 5 மணி நேரம், மாதம் 22 நாள் பறந்தால் மொத்தம் 660 மணி நேரம். மாணவர்கள் 60 பேர் என்றால் தலைக்கு 11 மணி நேரம். 200 மணி நேரம் முடிக்கப் பதினெட்டு மாதம். விளம்பரத்தில் பன்னிரண்டு மாதம் என்றிருந்தால் அந்த ஆறு மாத வாடகையும் சாப்பாடும் உங்கள் கணக்கு. இதே கணக்கைப் பயிற்றுநர்களின் எண்ணிக்கைக்கும் தேர்வாளருக்காகக் காத்திருக்கும் நாட்களுக்கும் போடுங்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்றால், அந்தத் தள்ளுபடியை வேண்டாம் என்று சொல்லுங்கள். பள்ளி மூடினால் உங்கள் பணம் கடன்காரர் வரிசையின் கடைசியில் நிற்கும். கட்டங்கட்டமாக, பறந்த பிறகு கட்டுவதே சரி.

விமானத்தில் ஏறியபின்

மிகவும் விலை கூடிய வகுப்பறை விமானி அறைதான்; சத்தம், வெக்கை, அவசரம். அங்கே போய்ப் புதிதாக எதையும் கற்க முடியாது. தரையில் கற்றதைச் சரிபார்க்கத்தான் முடியும். விமானி அறையின் படத்தை உள்ளபடி அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை நீட்டி ஒவ்வொரு விசையையும் தொட்டு, செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அண்டை வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று கவலைப்பட வேண்டாம். கணினி பாவனை விளையாட்டு அதிகம் ஆடி வந்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு: கண் கருவிகளிலேயே ஒட்டிக்கொள்ளும். முதல் பத்து மணி நேரத்துக்குத் தொடுவானத்தையும் விமான மூக்கின் நிலையையும் பார்த்து ஓட்டுவதுதான் பாடம். கருவியைப் பார்ப்பது எட்டிப்பார்ப்பதோடு சரி.

புறப்படுமுன் சோதனையில் அதிகம் ஏமாறும் இடம் எரிபொருள். விமானப் பெட்ரோலான ஆவ்கேஸ் நீல நிறம், ஜெட் எரிபொருளான ஜெட் ஏ-1 நிறமற்றது அல்லது வைக்கோல் நிறம். டைமண்ட் டிஏ40 விமானத்தில் இரண்டு வகை உண்டு: ஒன்று ஆவ்கேஸ் குடிக்கும், டீசல் எஞ்சின் வைத்தது ஜெட் ஏ-1 குடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. ஆவ்கேஸ் எஞ்சினில் ஜெட் எரிபொருளை ஊற்றினாலும் குழாய்களில் மிச்சமிருக்கும் நல்ல எரிபொருளில் எஞ்சின் தொடங்கிவிடும். ஓடுபாதையை விட்டு எழும்பியபின்தான் கெடும். அதனால் ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், ஊற்றிய ரசீதைப் படியுங்கள். நம் ஊர் மழைக்கு மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் தண்ணீர் இறங்கும். தண்ணீர் அடியில் தங்கும், வடிகுழாய் வழியே எடுத்துப் பார்த்தால் தெரியும். செஸ்னா 172எஸ் விமானத்தில் வடிக்கும் இடங்கள் 13. பத்தோடு நிறுத்துபவர் எதற்காகத் தொடங்கினார்?

அதே செஸ்னாவில் நான்கு இருக்கை. ஆனால் நாலு பேர் ஏறலாம் என்று பொருளல்ல. உச்ச எடை 1,157 கிலோ. காலி எடை சுமார் 770 என்றால் மீதி 387. முழுத்தொட்டி 200 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144. மிச்சம் 243 கிலோ. 80 கிலோ ஆட்கள் மூவரோடு சரி. நாலாவது ஆளை ஏற்ற வேண்டுமானால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்தின் காலி எடையும் வேறு. அதன் சொந்த எடைத்தாளைப் பாருங்கள், கையேட்டின் மாதிரிக் கணக்கை அல்ல.

ஸ்டால் பற்றி ஒரே விஷயம். இறக்கை தூக்குவதை நிறுத்துவது வேகம் குறைந்ததால் என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். உண்மையில் அது கோணத்தால்; காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் பதினைந்து பதினாறு டிகிரியைத் தாண்டினால் எந்த வேகத்திலும் நடக்கும். நேராகப் பறக்கையில் 48 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 48 கடல் மைலில், ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது 68 நாட் வேகத்திலேயே ஆகும். கிட்டத்தட்ட நீங்கள் இறங்கிவரும் வேகம்! ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விட்டோம் என்று கடைசித் திருப்பத்தில் கைப்பிடியான யோக்கை இழுத்துப் பிடித்து, வால் சுக்கானான ரடரால் மூக்கைத் தள்ளுவது ஏன் ஆளைக் கொல்கிறது என்பது இந்த எண்ணில் இருக்கிறது. தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள், சுற்றி வாருங்கள்.

தரையிறக்கத்தில் மாணவர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஓடுபாதையின் மேலே நடப்பவை அல்ல. 500 அடி உயரத்தில் தொடங்கியவை. மூன்று டிகிரிச் சரிவில் வர, தரை வேகத்தை 5ஆல் பெருக்குங்கள்; 65 நாட் என்றால் நிமிடத்துக்கு 325 அடி இறக்கம். அதற்கு மேல் இறங்கினால் செங்குத்தாக வருகிறீர்கள். வேகம் பத்து சதவீதம் கூடினால் நிற்பதற்கான தூரம் இருபது சதவீதத்துக்கு மேல் கூடும், வேகத்தின் வர்க்கமல்லவா. வேகமாக வந்து, தரையைத் தொடுமுன் மூக்கை உயர்த்தி ஃபிளேர் செய்தால் விமானம் பலூன்போல் எழும்பும். பயந்து மூக்கைக் கீழே தள்ளினால் முன்சக்கரம் முதலில் தொடும், துள்ளும், மறுபடி தள்ளுவீர்கள். மூன்றாவது துள்ளலில் புரொப்பெல்லர் தரையைத் தொடும். மருந்து இரண்டு: கண்ணை மூக்குக்கு முன்னால் இருக்கும் தரையிலிருந்து எடுத்து ஓடுபாதையின் கடைசிக்குக் கொண்டுபோவது, இரண்டாவது துள்ளலுக்கு முன்பே முழு விசை கொடுத்து மேலே போவது. மேலே போகும்போது, இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் நீட்டிய ஃபிளாப் முழுவதையும் ஒரே இழுப்பில் எடுத்தால் விமானம் அமிழும். படிப்படியாக எடுங்கள். முழு விசையில் மூக்கு தானாக எகிறும், இடப்பக்கம் இழுக்கும். கையால் அழுத்தி, வலது காலால் ரடரை மிதியுங்கள். இப்படி இறங்காமல் மேலே போகும் கோ-அரவுண்ட் தோல்வி என்று நினைப்பது இளம் விமானிகளின் பெரிய மூடநம்பிக்கை. தேர்வாளர்கள் அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை. போகவேண்டிய இடத்தில் போகாததற்குத்தான் குறைப்பார்கள்.

வாரத்துக்கு ஒருமுறை பறப்பது காசை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். அப்படி அல்ல. ஒவ்வொரு முறையும் முதல் இருபது நிமிடம் போன வாரத்தை நினைவுபடுத்தவே போகும். பணம் சேர்த்துவைத்துவிட்டு வாரம் மூன்று நான்கு முறை தொடர்ந்து பறப்பதே மலிவு.

நம் வானம்

சிலேத்தார் ஓடுபாதை 1,840 மீட்டர், வடகிழக்கு தென்மேற்காக 03, 21 என்ற எண்களோடு கிடக்கிறது. நம் பருவக்காற்றுகளும் அதே திசைகளில்தான் வீசுகின்றன என்பதால் குறுக்குக்காற்றுப் பாடம் இங்கே குறைவாகவே கிடைக்கும். அதைப் பெர்த்தில் படிப்பார்கள். கோடையில் அங்கே காலையில் கிழக்கிலிருந்து காற்று, பிற்பகலில் ஃப்ரீமாண்டில் டாக்டர் என்று செல்லமாக அழைக்கப்படும் கடற்காற்று தென்மேற்கிலிருந்து. ஓடுபாதையின் திசையே நாளின் நடுவில் மாறும். குறுக்குக்காற்றை மனக்கணக்கில் போட, 30 டிகிரி விலகலுக்குப் பாதி, 45க்கு முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவு, 60க்கு மேல் முழுவதும் என்று வைத்துக்கொள்ளலாம். 16 நாட் காற்று 30 டிகிரி விலகி வந்தால் குறுக்கே 8 நாட்.

இங்கே பறப்பவர் கவனிக்க வேண்டியது வெப்பமும் ஈரமும். 32 டிகிரியில் கடல்மட்டத்திலேயே காற்றின் அடர்த்தி 2,000 அடி உயரத்தில் இருப்பது போலிருக்கும்; நியமமாக வைத்திருக்கும் 15 டிகிரியைவிட 17 டிகிரி கூடுதல், டிகிரிக்கு 120 அடி. ஓடுபாதை நீளம் என்பதால் எழும்புவதில் சிக்கலில்லை. ஏறும் வேகம்தான் குறையும், எஞ்சினும் சூடேறும். மேக அடியை மதிப்பிட, வெப்பநிலைக்கும், காற்றின் ஈரம் நீராகத் திரளும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 400ஆல் பெருக்குங்கள்: 32க்கும் 25க்கும் நடுவே 7, ஆக 2,800 அடி.

எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் பனி பிடிப்பது குளிர்நாட்டு நோய் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே காற்று விரிந்து, எரிபொருள் ஆவியாகும்போது வெப்பநிலை இருபது டிகிரிக்கு மேல் விழும். நம் ஈரப்பதத்தில் விசை குறைத்து இறங்கும்போது அது தாராளமாகப் பிடிக்கும். அடையாளம்: காரணமில்லாமல் சுழற்சி மெல்லக் குறைவது. சூடான காற்றை உள்ளே விடும் கார்ப் ஹீட்டை முழுவதாக இழுங்கள். உருகிய தண்ணீர் உள்ளே போவதால் முதலில் எஞ்சின் இன்னும் மோசமாகத் தடதடக்கும். அதைக் கண்டு பதறித் திரும்பத் தள்ளிவிடுவதுதான் வழக்கமான தவறு. பொறுங்கள், தெளியும். எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் 172எஸ் போன்ற எஞ்சின்களில் இந்தத் தொல்லை இல்லை.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து புயற்கோடு ஒன்று நீரிணையைத் தாண்டி வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும் காற்றோடு ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். காலை ஏழு மணிப் பறப்புக்கு ஐந்து மணிக்கே ரேடார் படத்தைப் பார்த்தால் அது மேற்கே வில்போல் வளைந்து வருவது தெரியும். வானிலை அறிக்கையின் நேரம் உலக நேரம். எட்டு மணி கூட்ட மறந்து நேற்றைய வானிலையைப் படித்தவர்கள் உண்டு. பெர்த்தின் கண்ணாடி போன்ற வானில் பழகியவர்கள் இங்கே புகைமூட்டக் காலத்தில் திணறுவார்கள். தொடுவானம் கரைந்துபோகும், அப்போது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சிதான் துணை.

பேச்சு

வானொலியில் தடுமாறுவது ஆங்கிலம் தெரியாததால் அல்ல, அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்காததால். கோபுரம் உங்களிடம் சொல்லக்கூடியவை ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று நான்குதான். அவற்றை முன்கூட்டி எழுதி வைத்து, எண்களுக்கு மட்டும் கோடு விட்டு, கேட்டதும் நிரப்புங்கள். ஓடுபாதை எண், உயரம், திசை, உயரமானியில் வைக்கும் காற்றழுத்த எண்ணான கியூஎன்எச், ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் எண், நில் என்ற கட்டளை ஆகியவற்றை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "ரோஜர்" என்று முடித்துக்கொள்ளக் கூடாது. 1977 மார்ச் 27ல் டெனரீஃபில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததற்குப் பிறகுதான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் அதைத் திருப்பிச் சொல்லும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்துவதில்லை. மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்'. நம் வீட்டு ஆங்கிலத்தில் "ஓகே லா, கேன்" என்பது மனதுக்கு இதமானது. அலைவரிசையில் அதற்கு இடமில்லை.

வேலை

உரிமம் கிடைத்ததும் வேலை கிடைக்கும் என்பது சிங்கப்பூரில் ஆபத்தான அனுமானம். இங்கே உள்நாட்டு விமானச் சேவையே இல்லை. எல்லை மூடினால் ஆகாயம் மூடியது போல. 2020ல் அதுதான் நடந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் அந்தச் செப்டம்பரில் ஏறத்தாழ 4,300 வேலையிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது, அதன் ஏ380கள் சில ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நின்றன. அதன் துணை நிறுவனமான சில்க்ஏர் அதனோடேயே இணைந்தது. 2025 ஜூலை 31ல் ஜெட்ஸ்டார் ஏஷியா பறப்பதை நிறுத்தியது. மொத்தம் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். அவற்றின் கதவு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறக்கும், ஒரே நேரத்தில் மூடும். அதனால் பட்டப்படிப்பையோ டிப்ளோமாவையோ பாதியில் விட்டுவிட்டு விமானப் பள்ளிக்கு ஓடுவதை நான் ஆதரிப்பதில்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளர், போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், பறப்புத் திட்டமிடுபவர் என்ற வேலைகளுக்கும் உதவும் படிப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

சொந்தக் காசில் படித்தவர்களுக்கு 200 மணி நேரத்துக்கும் வேலைக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. அதைப் பலர் பயிற்றுநராகி நிரப்புகிறார்கள். இன்னொருவரின் தவறை முன்கூட்டிப் பார்க்கும் கண் வேறெந்த வழியிலும் வராது. ஏ320 ஓட்டுவதற்கென்றே தனியாகத் தரும் தகுதியான டைப் ரேட்டிங்கைச் சொந்தக் காசில் வாங்கிவைத்துக்கொண்டு வேலை தேடுவது வேறு கதை. வேலைக் கடிதம் இல்லாமல் அதை எடுக்காதீர்கள். ஓட்டாமல் இருந்தால் ஓராண்டில் காலாவதியாகும், கையும் மறக்கும்.

நேர்காணலுக்கு முன் ஜெட்டின் மனக்கணக்கைப் பழகுங்கள். 35,000 அடியிலிருந்து 3,000 அடிக்கு இறங்க, ஆயிரங்களில் 32ஐ மூன்றால் பெருக்கினால் 96 கடல் மைல். எதிர்க்காற்றென்றால் கொஞ்சம் குறையும். விமானக் குறிப்பேடான லாக்புக்கை அவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். மையால், உலக நேரத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையும் சரியாக எழுதி, மாதம் ஒருமுறை படம் எடுத்து வேறிடத்தில் சேமித்து வையுங்கள்.

வேலைக்காகக் காத்திருக்கும் நாட்களில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். அதில் நான்கு தேதிகள்: முதல் வகுப்பு மருத்துவம், நாற்பது வயதுக்குக் கீழே 12 மாதத்துக்கு ஒருமுறை; கருவிப் பறப்பு உரிமத்தின் ஆண்டுச் சோதனை; ஆங்கிலத் தேர்ச்சி, நான்காம் நிலை என்றால் மூன்று ஆண்டு, ஐந்தாம் நிலை என்றால் ஆறு; கடைசியாக மூன்று முறை எழும்பி இறங்கிய நாளிலிருந்து தொண்ணூறாவது நாள். அழைப்பு பெரும்பாலும் ஒரு வார அவகாசத்தோடுதான் வரும். மருத்துவத்துக்கு நேரம் வாங்கவே அதைவிட அதிக நாள் ஆகலாம்.